மங்கலதேவி மலைமேல் ஒரு நாள்



ஆசிரியன் ஒருவன் தன் பிழையைக் கூறித் தன் பேச்சைத் தொடங்குவது வழக்கமன்று. ஆயினும், இன்று நான் அவ்வாறுதான் தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன்.

1986ஆம் ஆண்டு அது. தேனி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. 1996இல்தான் அது மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலே, கூடலூரை அடுத்த சிற்றூர் ஒன்றின் பள்ளியில் நான் தமிழாசிரியனாகப் புதிதாய்ச் சேர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் சிலப்பதிகாரக் கதையை நடத்திக்கொண்டிருந்தேன். மதுரை எரிந்தது; கண்ணகி மலையேறினாள்; சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோட்டம் எடுத்தான். இவ்வளவும் சொல்லி முடித்தவுடன், பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் கோட்டம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

"சேர நாட்டில் எங்கோ இருந்திருக்கும், இப்போது இல்லை" என்றேன்.

மறுநாள் அவன் மீண்டும் எழுந்தான். "ஐயா, எங்க அப்பத்தா வருசந்தோறும் சித்திரைப் பௌர்ணமிக்கு அங்கே போயிட்டு வருது. அந்தா தெரியுதே, அந்த மலைதானாம்" என்று தெற்குச் சன்னல் வழியே கையை நீட்டினான். நான் நகைத்துவிட்டு, "அது ஊரார் நம்பிக்கை, தம்பி, இது இலக்கியம்" என்று கூறி அவனை உட்கார வைத்தேன்.

அந்தப் பாட்டி கூறியதை, பேராசிரியர் சி. கோவிந்தராசன் என்னும் அறிஞர் 1963ஆம் ஆண்டிலேயே மலைமேல் ஏறிக் கண்டு, தமிழ் உலகிற்கு எடுத்துரைத்திருந்தார் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அறிந்த பின்னும் ஏறினேனா? இல்லை. தேர்வு, திருத்தம், பள்ளி நிர்வாகம் என்று ஆண்டுகள் ஓடின. தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்ற பிறகே அந்த மலையில் என் கால் பட்டது. என்னை அழைத்துச் சென்றவர் வேறு யாருமல்லர். அன்று பின்வரிசையில் எழுந்து நின்ற அதே மாணவர்தாம். அவர் இன்று கம்பத்தை அடுத்துத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவருடைய அப்பத்தா அப்போது உயிருடன் இல்லை.

அந்த மலையில் ஒரு பகற்பொழுதில் கண்டவற்றையும், அக்காட்சிகள் நமக்குக் கற்பிப்பவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். தேனியிலிருந்து தென்மேற்காகச் சென்றால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். இருபுறமும் மலைகள் நெருங்கி வர, நடுவே பசிய வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் நீண்டு கிடக்கும். இதுவே கம்பம் பள்ளத்தாக்கு. இங்கு விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடலூருக்கு அப்பால் சமவெளி முடிந்து மலை எழுகிறது. அம்மலையின் அடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறிக் குமுளிக்குச் சென்று கேரளத்தில் புகுகிறது. அதனை அடுத்த மலைத்தொடரின் ஓர் உச்சியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,330 மீட்டர் உயரத்தில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது.

கோட்டத்திற்கு வழிகள் இரண்டு. ஒன்று, குமுளியிலிருந்து காட்டினூடே செல்லும் ஜீப்பு வழி. மற்றொன்று, லோயர் கேம்பை ஒட்டிய பளியன்குடியிலிருந்து ஏறும் நடைவழி. பின்னது ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர். "ஐயா, ஜீப்பில் போகலாமே" என்றார் என் மாணவர். "உன் அப்பத்தா எப்படிப் போனார்?" என்று கேட்டேன். "நடந்துதான்" என்றார். "அப்படியானால் நாமும் நடப்போம்" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடன்பட்டவன் ஜீப்பில் சென்று அதனை அடைப்பது முறையன்று என எனக்குத் தோன்றியது.

சித்திரைப் பௌர்ணமியன்று விடியற்காலையில் பளியன்குடியில் இருந்தோம். ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே பொதுமக்கள் அக்கோயிலுக்குச் செல்ல இசைவு உண்டு. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். வனத்துறையினர் எங்கள் பைகளைச் சோதித்தனர். பிளாஸ்டிக் பொருள் எதையும் உள்ளே விடுவதில்லை.

பளியன்குடி என்பது பளியர் வாழும் குடியிருப்பு. பளியர் இம்மலைகளின் பழங்குடி மக்கள். தேனும் கிழங்கும் எடுத்து, காட்டை நம்பி வாழ்ந்தவர்கள். கண்ணகி வானுலகு செல்வதைக் கண்டவர்கள் யார் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது? புலவர் அல்லர், அரசரும் அல்லர், மலைவாழ் குறவர்கள் என்றே சொல்கிறது. அவர்கள் சொல்லக் கேட்டுத்தான் செங்குட்டுவனே அச்செய்தியை அறிந்தான். சேர வேந்தன் மலைமக்களின் சொல்லை மதித்துக் கேட்டான். நானோ ஒரு பாட்டியின் சொல்லைக் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் நின்ற அந்த வேளையில் இந்த நினைவு என்னை உறுத்தியது.

ஏறத் தொடங்குமுன் லோயர் கேம்ப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். மலைச்சரிவிலிருந்து நான்கு பெருங்குழாய்கள் இறங்கி வருகின்றன. அவற்றின் வழியே பாயும் நீர் கீழேயுள்ள பெரியாறு மின் நிலையத்தின் பொறிகளைச் சுழற்றுகிறது. 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை மலைமேல் ஏறினால்தான் நன்கு உணர முடியும். எனவே, அதனையும் பிறகு காண்போம்.

வழியின் முதற்பகுதி மரங்கள் அடர்ந்தது. வேர்களும் உருண்டைக் கற்களும் காலை இடறும். எங்களுக்கு முன்னும் பின்னும் மக்கள் வரிசை. இடுப்பில் குழந்தையுடன் தாய்மார், கோலூன்றிய முதியோர், கல்லூரி இளைஞர். இரண்டு மணி நேரம் ஏறிய பின் மரங்கள் மெல்லக் குறைந்தன. ஒரு வளைவு திரும்பியதும் காடு சட்டென்று நின்றுவிட, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல்! கோடை மழை ஒன்றிரண்டு பெய்திருந்தமையால் பழுத்த புல்லின் அடியில் இளந்தளிர் பசுமை காட்டிற்று. காற்று வீசும்போதெல்லாம் மலை முழுவதும் ஒரு பெரிய விலங்கின் முதுகு போலச் சிலிர்த்தது.

காடு ஏன் அங்கே நின்றது? மரம் வளரும் மலையில் உச்சி மட்டும் ஏன் புல்லாயிற்று? இது நீங்கள் கேட்க வேண்டிய வினா. உச்சியில் மண்ணின் கனம் குறைவு. ஒரு சாண் தோண்டினால் பாறை தட்டும். காற்றோ ஓயாது வீசும். கோடையில் ஈரம் வற்றிவிடும். அவ்வப்போது தீயும் பரவும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து மரக்கன்று வேர்கொள்வது அரிது. புல்லோ மேலே கருகினாலும் அடியில் உயிரோடு இருக்கும்; ஒரு மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும். மலைமடிப்புகளில், காற்றுப்படாமல் மண்ணும் ஈரமும் தங்கும் இடங்களில் மட்டும் மரங்கள் கூட்டமாக நிற்கும்.

இப்புல் வெறும் தரிசு என்று எண்ணிவிடாதீர்கள். இதன் வேர்கள் வலைபோலப் பின்னி மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. மழைநீர் ஓடி வீணாகாமல் இவ்வலையில் தங்கி, மெல்லக் கசிந்து, ஓடைகளாக இறங்குகிறது. மலைமேல் புல் அழிந்தால் அடிவாரத்து ஓடை வறளும். கீழே வயலில் நிற்கும் உழவர் அண்ணாந்து பார்க்கும் அந்த மஞ்சள் நிறப் போர்வை, அவருடைய நீர்த்தொட்டிக்கு மூடி போன்றது.

அழகிய இப்புல்லுக்குள் ஆபத்தும் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், இதே தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. கொழுக்குமலையிலிருந்து நடந்து இறங்கிய இளைஞர் பலர் அதில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பற்றிய தீ சமவெளியைவிடச் சரிவில் மேல்நோக்கி மிக விரைவாக ஓடும். கீழே எரியும் சுடர், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடேற்றி உலர்த்திவிடுவதே காரணம். மனிதன் அத்தீயை ஓடி முந்த முடியாது. கோடையில் இசைவின்றி மலையேறக் கூடாது என்னும் விதி, நம் மகிழ்ச்சியைக் கெடுக்க வந்ததன்று. நம்மைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்ப வந்தது. இதனை ஓர் ஆசிரியனின் கட்டளையாகவே கொள்ளுங்கள்.

புல்வெளியில் மேலும் சிறிது ஏறியதும் உச்சி வந்தது. என் கால்கள் நடுங்கின. ஆனால் கண்களுக்குக் களைப்பு இல்லை. வடக்கே திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் ஓர் ஓவியத் துணிபோல விரிந்து கிடக்கிறது. கூடலூரின் கூரைகள், கட்டம் கட்டமாக வயல்கள், பந்தல்கள், அவற்றிற்கிடையே வெள்ளி இழைபோல நீர். தெற்கிலும் மேற்கிலும் திரும்பினாலோ ஊர் இல்லை, வயல் இல்லை. அலைமேல் அலையாகக் காடு. அதுதான் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். 1950இல் சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து ஓரடி இந்தப் பக்கம் விழும் மழைத்துளி வையை ஆற்றை நோக்கி ஓடும். ஓரடி அந்தப் பக்கம் விழும் துளி பெரியாற்றை அடைந்து அரபிக் கடலிற் சேரும். இவ்வரம்பையே நீர்பிரி மேடு என்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, மலையின் மேற்குப் பக்கத்தில் ஏறும்போது குளிர்ந்து மழையாய்க் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதன் கையில் ஈரம் மிகுதியாக இல்லை. ஆதலால், அந்தப் பக்கம் அடர்ந்த காடு. இந்தப் பக்கம் வானத்தை எதிர்பார்க்கும் வறள் நிலம். பாடநூலில் மழைமறைவுப் பகுதி என்று எத்தனையோ முறை நான் கற்பித்திருக்கிறேன். தலையை ஒருமுறை திருப்பினாலே விளங்கும் பாடம் அது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இக்காட்சியைக் கண்ட எவர்க்கும் ஓர் எண்ணம் எழும்: அந்தப் பக்கத்து நீரை இந்தப் பக்கம் திருப்ப இயலாதா? 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சீமையின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு அவ்வெண்ணம் எழுந்தது. பொருள் வசதி இன்மையால் அது நிறைவேறவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பின் அத்தேவை எல்லார்க்கும் உறைத்தது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் பணி தொடங்கிற்று. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமை ஏற்றார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தினால் 176 அடி உயர அணை எழும்பியது. வெள்ளமும் காய்ச்சலும் காட்டு விலங்கும் பணியாளர் பலரைப் பலிகொண்டன. மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே போகப் பிறந்த ஆறு கிழக்கே திரும்பிற்று. காலையில் அடிவாரத்தில் கண்ட நான்கு குழாய்களில் ஓடும் நீர் அதுவே. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் அந்நீரால் இருபோகம் விளைகிறது. பின்னர் அது வையையில் கலந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை வழியே மதுரைக்கும் அதற்கு அப்பாலும் செல்கிறது.

பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று எங்கள் பக்கத்து மக்கள் சொல்வர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவர். அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15இல் பொங்கலிட்டு வணங்குவர். 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. மக்களின் நன்றி உண்மையானது. ஆனால் சொத்தை விற்ற செய்திக்குச் சான்று என்ன என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை. நன்றியும் வேண்டும், வினாவும் வேண்டும். இவ்விரண்டையும் கையில் பிடித்துக்கொண்டுதான் நாம் கோயிலுக்குள் நுழைய வேண்டும்.

உச்சியை ஒட்டிக் கற்கோயில் நிற்கிறது. பெரிய கருங்கற்களை அடுக்கிக் கட்டிய சிறிய சந்நிதிகள், சரிந்த மதில், உருண்டு கிடக்கும் தூண்களும் உத்தரங்களும். கற்களின் இடுக்குகளில் புல் முளைத்திருக்கிறது. பழந்தமிழ்க் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. நெடுவரிசையில் நின்று உள்ளே சென்றோம். பெண்களுக்கு வளையலும் குங்குமமும் வழங்கினர். என் மாணவர் தம் அப்பத்தாவுக்காக ஒரு வளையல் பெற்று மடியில் வைத்துக்கொண்டார்.

இது கண்ணகி கோட்டந்தானா? இவ்வினாவிற்கு விடை காணும் முறையைப் பார்ப்போம்.

முதற்சான்று இலக்கியம். ஏட்டுச் சுவடிகளில் இருந்த சிலப்பதிகாரத்தை உரையுடன் முழுமையாக ஆராய்ந்து உ. வே. சாமிநாதையர் அச்சிட்ட ஆண்டு 1892. அதே ஆண்டில் இம்மலைக்கு அப்பால் பெரியாற்று அணையின் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நீரை மீட்டனர். ஒரு பக்கம் நூலை மீட்டனர்! அந்நூல் தரும் செய்தி என்ன? மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி வையைக் கரை வழியே நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்றாள். பதினான்காம் நாள் கணவனோடு விண்ணுலகு சென்றாள். அச்செய்தியைக் குறவர்கள், மலைவளம் காண வந்து பெரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் தெரிவித்தனர்.

இனி நிலப்படத்தை எடுங்கள். மதுரையிலிருந்து வையையை எதிர்த்து நடந்தால் தேனிப் பக்கம் வருவோம். வையையையும் பெரியாற்றையும் பிரிக்கும் மலை எது? நாம் நிற்கும் இந்த மலைத்தொடரே. மதுரைக்கும் கூடலூருக்கும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. பதினான்கு நாள் நடைக்கு வகுத்துப் பாருங்கள்; நாளொன்றுக்கு ஒன்பது கிலோமீட்டருக்குள் வருகிறது. துயருற்ற ஒரு பெண் மேடும் பள்ளமும் கடந்து நடக்கக்கூடிய அளவே அது. பேராசிரியர் கோவிந்தராசன் இவ்வாறுதான் சென்றார். கண்ணகி சென்ற வழியை நூலின் துணைகொண்டு தேடிச் சென்று, 1963இல் இவ்விடத்தை அடைந்தார். நூலறையில் இருந்தபடியே முடிவு கட்டாமல், கால்களையும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய அறிஞர் அவர்.

இரண்டாம் சான்று மக்கள் நினைவு. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் மக்கள் இங்கே ஏறிவரும் வழக்கம்.

மூன்றாம் சான்று கல். இங்கேதான் நாம் நிதானமாக நடக்க வேண்டும். இக்கட்டடத்தின் அமைப்பு பிற்காலப் பாண்டியர் பாணியைச் சார்ந்தது என்பர். செங்குட்டுவன் காலமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இலங்கை வேந்தன் கயவாகு கண்ணகி விழாவிற்கு வந்திருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுவதைக் கொண்டு, செங்குட்டுவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினன் என்று அறிஞர் பலர் கொண்டனர்; நூல் அதற்கும் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பாரும் உளர். ஆகவே, நாம் காணும் இக்கற்கள் செங்குட்டுவன் அடுக்கிய கற்கள் என்று சொல்லிவிட முடியாது. பழைய கோயில் இருந்த இடத்தில் பிற்கால அரசர் கற்றளி எழுப்பியிருக்கலாம். திருச்செங்கோட்டையே கண்ணகி ஏறிய குன்றமாகக் கொண்டோரும் உண்டு. கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலைக் கண்ணகியோடு இணைத்துப் பேசுவோரும் உண்டு. கடல் கடந்து சென்றால், இலங்கையில் தமிழர் கண்ணகி அம்மன் என்றும், சிங்களவர் பத்தினித் தெய்வம் என்றும் அவளை வழிபடுகின்றனர். ஒரு பெண்ணின் நீதிக் குரல் எத்தனை நாடுகளில் எதிரொலிக்கிறது!

சான்றுகளை இவ்வாறு நிறுத்துப் பார்த்தால், இலக்கியம் காட்டும் வழியும் நிலத்தின் அமைப்பும் மக்கள் நினைவும் இம்மலையில் வந்து கூடுகின்றன. கல் மட்டும் காலத்தால் பிந்தி நிற்கிறது. இதுவே நேர்மையான விடை. 1986இல் நான் சொன்ன விடையினின்றும் இது எத்துணை வேறுபட்டது என்பதை நோக்குங்கள்.

இனி, ஆண்டில் ஒரே நாள் மட்டும் வழி திறப்பது ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் இரண்டு. ஒன்று, காடு. இது புலியும் யானையும் வாழும் நிலம். நாள்தோறும் மக்கள் திரள் ஏறினால் விலங்குகள் எங்கே போகும்? மற்றொன்று, எல்லை. கோயில் தன்னுடைய எல்லைக்குள் இருக்கிறது என்று தமிழ்நாடும் சொல்கிறது, கேரளமும் சொல்கிறது. ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசி ஏற்பாடுகளை வகுக்கின்றனர். அன்று இரு மாநிலக் காவலரும் வனத்துறையினரும் மலைமேல் நிற்கின்றனர். ஒரு சந்நிதியில் தமிழ்நாட்டு மரபிலும், மற்றொரு சந்நிதியில் கேரள மரபிலும் வழிபாடு நடக்கிறது. அணையின் நீர்மட்டம் பற்றியும் இவ்விரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்கால வழக்கு உண்டு. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வழக்குகளில் நமக்கு நம் பக்கம் உண்டு. என் ஊர் வயல் அந்த நீரால் விளைவது. நான் நடுநிலையானவன் என்று நடிக்க மாட்டேன். ஆயினும், அந்த உச்சியில் நின்றபோது ஒன்றை மறுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்துக் காடு அழிந்தால் இந்தப் பக்கத்து வாய்க்கால் வறளும். அணையின் கீழே வாழும் அந்தப் பக்கத்து மக்களின் அச்சமும் மனிதரின் அச்சமே. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மலையாள மூதாட்டி ஒருவர், நான் தடுமாறியபோது என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் சொன்னது எனக்கு முழுதும் விளங்கவில்லை. பிடித்த பிடி விளங்கிற்று. நிலப்படத்தில் கோடாகத் தெரியும் எல்லை, நடந்து பார்த்தால் புல் மூடிய ஒரு மேடு. இருபக்கத்து மழையும் அதன்மேல்தான் பெய்கிறது.

மாலைக்குள் எல்லாரும் மலையிறங்கிவிட வேண்டும் என்பது கட்டளை. இறங்கும் வழியில், மரநிழலில் சிறிது அமர்ந்தோம். "தம்பி, அன்று உன்னை நகைத்து உட்கார வைத்தேனே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். "நினைவில்லை, ஐயா" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் அதற்குப் பிறகு நான் வகுப்பில் கேள்வி கேட்டதில்லை" என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். ஆறரைக் கிலோமீட்டர் ஏற்றத்தில் வலிக்காத என் கால்கள் அந்த ஒரு சொல்லால் வலித்தன.

மாணவர்களே! உங்கள் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியேயும் ஒரு மலை இருக்கும். மலை இல்லையேல் ஒரு மேடு, ஓர் ஏரிக்கரை, ஒரு பாழ்மண்டபம் இருக்கும். அதன் பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள். வீட்டிலுள்ள முதியோர் அதைப் பற்றிச் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்; நகைக்காதீர்கள், உடனே நம்பிவிடவும் செய்யாதீர்கள். பிறகு நூலைப் பாருங்கள்; நிலப்படத்தைப் பாருங்கள்; இசைவு பெற்று, துணையோடு, நடந்து சென்று நேரில் பாருங்கள்.

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பான்; அது உறுதி. அப்போது "எனக்குத் தெரியாது, உன் அப்பத்தாவிடம் கேட்டு வா, நாம் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய விடை அதுதான்.